இருநூற்று நாற்பத்தொன்பது கிராம்

திபிலிசிச் சந்தையில்
பாலாடைக்கட்டி நிறுக்கும் தராசில்
புதிதாய் வாங்கிய ட்ரோனை வைத்தேன்.
ஜும்பேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"இருநூற்று நாற்பத்தொன்பது" என்றார்.
"என் கட்டியில் பாதிகூட இல்லை.
இதற்கா அவ்வளவு விலை?"

கடையில் இரண்டு இருந்தன.
பெரியது புயலிலும் அசையாதாம்.
தொள்ளாயிரம் கிராம், தனிப் பெட்டி, தனிச் செருக்கு.
சிறியது மடித்தால் மூக்குக்கண்ணாடிக் கூடு;
இன்னும் ஒரு கிராம் கூடினால்
எல்லைக்கு எல்லை காகிதம் கேட்பார்கள்.
என் வண்டியோ கிழட்டு இருநூற்றைம்பது சிசி.
அதன் முதுகில் ஏற்கெனவே
கூடாரம், அடுப்பு, ட்யூப், டயர் நெம்பி,
நான், என் பிடிவாதம்.

வாங்கியாயிற்று. எங்கே வைப்பது?
பக்கப்பெட்டியில் வைத்தேன்:
நாற்பதே கிலோமீட்டர் கல்பாதை
கேமராவின் கழுத்தைச் சுளுக்கிவிட்டது.
டேங்க் பையில் வைத்தேன்:
என்ஜினின் நடுக்கமெல்லாம்
அதற்கும் காய்ச்சலாய் ஏறியது.
கடைசியில் கம்பளிக் காலுறைக்குள் திணித்து
ஜாக்கெட்டுக்குள், மார்போடு.
பேட்டரி மூன்றும் உள்சட்டைப் பையில்.
குளிர் பட்டால் மின்சாரம் சுருண்டு படுத்துக்கொள்ளும்.
பெட்ரோல் பங்கில் ஒருத்தி
என் வயிற்றைப் பார்த்துவிட்டு
எழுந்து நாற்காலி தந்தாள்.
மறுக்கவில்லை.

அபானோ கணவாய். செப்டம்பர் கடைசி.
ஒரு வளைவில் லாரி நின்றிருந்தது.
கோச்சா, அதன் ஓட்டுநர்,
சூரியகாந்தி விதையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:
"அந்தப் பட்சியை அனுப்பு பெண்ணே.
முன்னால் ரோடு இருக்கிறதா, இல்லை
ரோடு என்ற வதந்தி மட்டுமா, பார்."

அனுப்பினேன்.
வளைவைத் தாண்டியதும்
பாதையைக் கடித்துத் தின்றிருந்தது மலை.
பள்ளத்துக்கு அந்தப் பக்கம்
நானூறு ஆடுகள், மூன்று நாய்கள்,
தொப்பியைக் கழற்றி ஆட்டும் ஒரு மனிதன்.
போதும், திரும்பு என்றேன்.
எதிர்க்காற்று வேண்டாம் என்றது.
திரையில் முப்பது சதவீதம், இருபத்திரண்டு, பதினான்கு.
ஓட்டம் முழு வேகத்தில்,
நகர்வு முழங்கால் அளவு.
அந்த நிமிடத்தில்
நான் வாங்காமல் விட்ட தொள்ளாயிரம் கிராம்
நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.
வேறு வழியில்லாமல்
ஆட்டு மந்தைக்கு நடுவில் இறக்கினேன்.

புல்டோசர் வர இரண்டு நாள்.
லாரிக்கு அடியில் படுத்தோம்.
மார்பு லேசாக இருந்தது,
அதனாலேயே தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் மந்தை வந்தது.
இமேதா என்றார் பெயரை.
ரொட்டிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்
தாய்லாந்தோ சீனாவோ செய்த என் பட்சியை,
அதன் முதுகில் சிவப்புச் சாயம் ஒரு தீற்றல்.
ஒவ்வொரு ஆட்டின் பிட்டத்திலும் அதே தீற்றல்.
"வழிதவறி வந்தது" என்றார்,
"குறி போடாவிட்டால் பக்கத்து மந்தைக்காரன்
தன்னுடையது என்பான்."

இரவு அட்டையைப் போட்டுப் பார்த்தேன்.
இறங்கிய பிறகும் மூடாத கண்
ஆறு நிமிடம் விழித்திருந்திருக்கிறது.
கணவாய் இல்லை, பள்ளத்தாக்கு இல்லை.
ஈரமான ஒரு மூக்கு, மிக அருகில்.
புல்லின் அடித்தண்டு.
ஒரு நாய் மோந்து, தும்மி, விலகுகிறது.
பிறகு அவர் முகம், தலைகீழாய்:
"கத்தாதே, கத்தாதே,
உன் ஆள் அந்தப் பக்கம்தான் நிற்கிறாள்."

ஊர் திரும்பி மறுபடி நிறுத்தேன்.
இருநூற்று ஐம்பத்தொன்று.
சுரண்டினால் குறைந்துவிடும்,
ரேசர் பிளேடுகூடக் கையில் இருந்தது.

"அட, எடை போட்டிருக்கிறதே" என்றார் ஜும்பேர்.
மலைப் புல் என்றேன்.