எண்பத்தெட்டு மீட்டர்

நவம்பர் கடைசியில் வார்டோவை விட்டுப் போன சூரியன்
ஜனவரி நடுவில்தான் திரும்பும்.
இடைப்பட்ட இருட்டில்
சமையலறை மேசைமேல்
மார்ச் மாதத்தை விரித்து வைத்திருக்கிறேன்.

வார்டோவிலிருந்து கிர்க்கெனெஸ், சின்ன விமானம்,
காற்றுக்கு மனமிருந்தால்.
அப்புறம் ஓஸ்லோ. தோஹா. ஜகார்த்தா.
ஜகார்த்தாவில்
எந்தத் தேதியிலும் சேராத ஒன்பது மணி நேரம்.
சோரோங். அங்கிருந்து வைசாய்க்குக் கப்பல்.
அதற்குப் பிறகு
'படகு' என்று மட்டும் எழுதியிருக்கிறது.
நேரமில்லை, இருக்கை எண்ணில்லை,
ஒரு பெயர் மட்டும்:
யோசெபினா மம்ப்ராசார்.

நான் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள்.
எங்கள் தீவுக்கும் தரைக்கும் நடுவே கடலடிச் சுரங்கம்.
புயல் இரவென்றால் பத்துத் தடவை
கடல்மட்டத்துக்கு எண்பத்தெட்டு மீட்டர் கீழே
இறங்கி ஏறுவேன்,
வானொலி கேட்டுக்கொண்டு,
காப்பி ஆறுவதற்குள்,
ஒரு சொட்டு நனையாமல்.

வாட்ஸோ நீச்சல்குளத்தில் ஏழு சனிக்கிழமை குளிர்ந்து வாங்கிய
முக்குளிப்புச் சான்றிதழ் சொல்கிறது:
பதினெட்டு மீட்டர். அதற்குக் கீழே உனக்கு வேலையில்லை.

மருத்துவப் படிவம்.
காதில் அறுவை? இல்லை.
நுரையீரலில் காற்றடைப்பு? இல்லை.
மூடிய இடங்களில் அச்சம்?
சிரித்துவிட்டேன்.
உடன் மூழ்குபவர் பெயர்?
ஓட்முண்ட் என்று பழக்கத்தில் எழுதி
அடித்தேன்.
அவன் இப்போது பெர்கனில்,
வேறொரு படிவத்தில்.

தலைக்குமேல் வெள்ளம் போனால்
சாணென்ன முழமென்ன என்பவர்கள்
ஆழ அட்டவணையைப் பார்த்ததில்லை.
இங்கே ஒவ்வொரு முழத்துக்கும் விலை உண்டு,
நிமிடங்களில்.
கடைசியாக மூழ்கி எழுந்த பின்
ஒரு நாள் முழுக்கப் பறக்கக் கூடாதாம்.
இரத்தத்தில் கரைந்த காற்று
அவசரமில்லாமல் வெளியேற வேண்டுமாம்.
ஆகவே திட்டத்தில் ஒரு புதன்கிழமை
வெறுமனே கிடக்கிறது.
அதைத் தொடும்போதெல்லாம்
பென்சிலை எடுத்துவிடுகிறேன்.

நேற்று யோசெபினாவிடமிருந்து ஒரு செய்தி,
கைப்பேசி மொழிபெயர்த்த கோணல் நார்வேஜியனில்:
'மதிப்புக்குரிய ராக்ன்ஹில்ட் பனி அம்மா,
எஞ்சின் சூடாகிறது. பம்பின் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்துவிட்டது.
சோரோங் கடைக்காரர் ஒரு மாதமாக நாளை என்கிறார்.
யமஹா நாற்பது. உங்கள் ஊரில் கிடைக்குமா?
அது வந்தால்தான் படகு.
படகு வந்தால்தான் நீங்கள்.
வைசாய்த் துறை வரை எப்படியாவது வந்துவிடுவோம்,
அங்கேயே என் மகன் மாட்டிவிடுவான்.
இன்னொன்று,
பனி விழும்போது சத்தம் கேட்குமா?'

துறைமுகத்தில் காட் மீன் படகுகளுக்குச் சாமான் விற்கும்
ஸ்வெர்ரேயின் கடை.
அவன் கண்ணாடியைக்கூடப் போடவில்லை.
மூன்றாவது இழுப்பறை,
ஆறு இதழ்க் கறுப்பு ரப்பர்ப் பூ.
எந்தக் கடலுக்கு என்று கேட்கவில்லை.
இரண்டாக வாங்கினேன்.

பெட்டி இருபத்துமூன்று கிலோ.
தராசு இருநூறு கிராம் அதிகம் என்றது.
முகக்கண்ணாடி, மூச்சுக்குழாய், விளக்கு,
எல்லாவற்றையும் கையில் எடுத்து எடுத்து வைத்தேன்.
கடைசியில் வெளியே போனது
வெப்பமண்டல மீன்களின் வண்ணப் புத்தகம்.
பெயர் தெரியாமலே பார்த்துக்கொள்கிறேன்.

மூன்று மணிக்கு அழைப்பு.
வடமேற்குக் காற்று, சுரங்க வாயில் அடைத்துக்கொண்டதாம்.
யோசெபினாவுக்கு அப்போது காலை பதினொன்று.
'கேட்காது' என்று தட்டினேன்,
'ஆனால் மற்றச் சத்தமெல்லாம் நின்றுவிடும்.'
அனுப்பிவிட்டு
லாரியைக் கிளப்பினேன்.

வாயிலைத் திறந்துவிட்டுச்
சரிவில் இறங்குகையில்
என்னையறியாமல்
மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக்
காதுகளைத் திறந்துகொண்டேன்.
தேவையே இல்லை.
கண்ணாடிக்கு வெளியே ஈரப் பாறை,
வரிசையாய் மஞ்சள் விளக்குகள்.
வைப்பரை நிறுத்தினேன்.