தாமதத்துக்கான காரணம்

உசிலம்பட்டி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப்
புதிதாக வந்த எஸ்தர் பொற்கொடி மேடம்
முதல் வாரம் யாரையும் திட்டவில்லை.
நாற்காலிகளை எண்ணினார்.
எங்களுக்கு முப்பத்தொன்று.
வருகிறவர்களுக்குக் கால் ஆடும் பெஞ்சு ஒன்று.

இரண்டாம் வாரம் ஒரு சுற்றறிக்கை.
முப்பது நாளுக்கு மேல் கிடக்கும் கோப்பின் முகப்பில்
கிடப்பதற்கான காரணத்தை
வைத்திருப்பவர் தன் கையால், தன் பெயரோடு,
ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும்.
‘பரிசீலனையில் உள்ளது’ என்பது காரணமாகாது.
மனுதாரர் கேட்டால் வாசித்துக் காட்ட வேண்டும்.

சிரித்தோம்.
இருபத்திரண்டு வருடமாக நான் எழுதிய தமிழில்
யாரும் எதையும் செய்ததில்லை.
கோரப்பட்டது, அனுப்பப்பட்டது,
திருப்பப்பட்டது, நிலுவையில் வைக்கப்பட்டது.
எழுவாய் இல்லாமலே
ஓய்வூதியம் வரை போய்விடலாம் என்றிருந்தேன்.

பி பிரிவு, என் மேசையில் நாற்பத்தேழு.
முதலில் வந்தவை சுலபம்.
பிர்க்கா நான்கு, சர்வேயர் ஒருவர். எழுதினேன்.
சொத்தில் வழக்கு. எழுதினேன்.
ஒன்றில் கிராம நிர்வாக அலுவலர்
ஐந்து மாதமாகத் தராத அறிக்கை.
அவர் பெயரை எழுதப் பேனா கொஞ்சம் தயங்கியது,
போன வாரம்தான் மகள் சடங்குக்குப் பத்திரிகை வைத்தார்.
எழுதினேன்.

முப்பத்தெட்டாவது, பின்னியக்காள்.
உத்தப்பநாயக்கனூர்ப் பக்கம்
ஒரு ஏக்கர் பதினேழு சென்ட் புஞ்சை.
இறந்துபோன கணவர் பெயர் ஒச்சுக்காளை.
பழைய அடங்கலில் அப்படித்தான் இருக்கிறது, மை மங்காமல்.
கணினியில் ஏற்றிய நாளில்
ஒகரத்தின் காலடியில் எவரோ ஒரு சுழி சேர்த்துவிட்டார்.
ஓச்சுக்காளை.
அப்படி ஒருவர் பிறக்கவில்லை.
ஆகவே சாகவுமில்லை, வாரிசும் இல்லை.
நிலம் மட்டும் அவர் பெயரில் இருக்கிறது.

மனு வந்து இரண்டு வருடம் ஏழு மாதம்.
பதினோரு தடவை வந்திருக்கிறார்.
‘திங்கக்கிழமை வாங்க’, ‘சர்வர் இல்லை’, ‘மேடம் கேம்ப்’,
எல்லாம் இந்த வாய் சொன்னதுதான்.

காரணத்தைத் தேடினேன்.
அளக்க வேண்டியதில்லை. வழக்கில்லை.
மேலே போகவில்லை, கீழேயிருந்து
எதுவும் வரவேண்டியதுமில்லை.
பணம் கேட்டேனா? இல்லை.
கேட்டிருந்தால் அதையாவது ஒரு காரணமென்று சொல்லலாம்.
பிறகு நினைவு வந்தது.
கொக்கி உடைந்த ஜன்னல்
காற்றுக்கு அடித்துக்கொள்ளாமலிருக்க
ஒரு கட்டை எடுத்து முட்டுக் கொடுத்தேன், ஒரு ஆடியில்.
அந்தக் கட்டுக்குள் இது.

எழுதினேன்:
‘ஜன்னலுக்கு முட்டாக வைத்தேன். மறந்துவிட்டேன்.
ம. தனசேகரபாண்டியன்.’
அரசுத் தாளில் என் முதல் தன்மை ஒருமை.
இரண்டு வாக்கியமாகிவிட்டது.
மேடம் அதைச் சுழிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தார். வாசித்துக் காட்டினேன்.
ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
“பஸ்ஸு சும்மாத்தேன் விட்டாக சார்.
நூறு நாள் வேலையில பதினோரு நாளு
ஆப்சென்ட் போட்டுட்டாக.
தாலுகா ஆபீசுக்குப் போனேன்னா, சீட்டு எங்கங்குறாக.
அந்தக் காரணத்த எந்தத் தாள்ல எழுதுவீக?”

அதற்கு எங்களிடம் படிவம் இல்லை.

சுழியை எடுக்க நான்கு நிமிடம் ஆனது,
அதில் இரண்டு கரண்டு வரக் காத்திருந்தது.
எழுந்து போகும்போது அந்தம்மா கேட்டது பட்டாவை அல்ல.
“இன்னிக்கு வந்ததுக்காச்சும் ஒரு சீட்டு குடுங்க.”
வெள்ளைத்தாளில் எழுதினேன்:
‘வந்திருந்தார். இன்றும், இதற்கு முன் பதினோரு முறையும்.
வரவழைத்தது நான்.’
முத்திரை வைக்க விதி இருக்கிறதா தெரியவில்லை.
வைத்தேன்.

ஜன்னல் இப்போது அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.
கொக்கி கேட்டுப் பொதுப்பணித் துறைக்கு எழுதிய கடிதம்
பரிசீலனையில் உள்ளதாம்.
என்ன காரணம் என்று கேட்டிருக்கிறேன்,
பெயர் போட்டு.