சாட்சிக் கையெழுத்து

படுக்கை பதினேழு. சுனாராம் ஹெம்ப்ரம்.
வயது இருபத்தாறு என்றார் மேஸ்திரி;
முப்பது என்றும் அவரே சொன்னார்.
மணலி யார்டில் இரும்புத் தகடு சரிந்த கால்
மூன்றாம் நாள் கறுத்துவிட்டது.

அவன் ஏதோ கேட்டான்,
எனக்குத் தெரியாத மொழியில், நீளமாக.
போனைப் பார்த்தபடியே மேஸ்திரி:
"வலிக்குதாம் சிஸ்டர்."
ஊசி போட்டேன்.
மறுபடி கேட்டான், இன்னும் மெதுவாக,
காது மந்தமானவளுக்குச் சொல்வதுபோல.
"ரொம்ப வலிக்குதாம்."
டாக்டரைக் கேட்டு அளவைக் கூட்டினேன்.
கேட்டவன் தூங்கிப்போனான்.
கேஸ் ஷீட்டில் எழுதினேன்:
நோயாளி அமைதியாக இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை, கால் எடுக்கப் படிவம் வந்தது.
ஏன் எடுக்கணும், எடுக்காவிட்டால் என்ன ஆகும்,
சின்ன டாக்டர் நன்றாகத்தான் விளக்கினார், ஐந்து நிமிடம்.
மேஸ்திரி அதை ஒரே சொல்லாக்கி
அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.
கீழே இன்னொரு கோடு: சாட்சி.
"போடுங்க சிஸ்டர், தியேட்டர் காலியா இருக்கு."

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை போட்டிருப்பேன்,
'நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது'
என்று அச்சடித்த வரிக்குக் கீழே,
மின்ட் தெரு மார்வாடிக்கும்
மண்ணடி உருதுக்கும்
வியாசர்பாடி பர்மாக்காரருக்கும்.
அன்றைக்குப் பேனா நின்றது.
நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம்.
அந்த ஒரு சொல்லைக் கேட்ட முகம்
சரி என்ற முகமாக இல்லை, அவ்வளவுதான்.

"ஒரு மணி நேரம் கொடுங்க சார்."
"அழுகல் ஏறிட்டே இருக்கு. தெரியும்ல?"
தெரியும். அவர் சொன்னதும் சரிதான்.

ஆயா சுலேகாவின் வீட்டுக்குப் பின்னால் ஐஸ் பேக்டரி.
அங்கிருந்து வந்தான் சாகராம் டுடு,
கையுறை கழற்றாமல், பாதி நனைந்து, மீன் வாடையோடு.
"விசிட்டர் நேரம் இல்ல" என்றார் செக்யூரிட்டி.
"மொழிபெயர்ப்பாளர்" என்றேன்.
ஏற இறங்கப் பார்த்துவிட்டு விட்டார்.

இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள்.
டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
சாகராம் என் பக்கம் திரும்பினான், காசிமேட்டுத் தமிழில்:
"கயிறு எங்கன்னு கேக்குறான்க்கா.
மூணு நாளா அதத்தான் கேக்குறானாம்."

கயிறு.
முதல் ராத்திரி, ரத்தம் ஊறிய கணுக்காலில்
பச்சையாய் என்னவோ.
கத்தரி. மஞ்சள் பை.
இரண்டு விநாடி வேலை.

"சாமிக் கயிறா? உங்க பக்கத்து வழக்கமா?"
குரலைப் பணிவாக வைத்துக்கொண்டேன்,
பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்தபடி.
அந்த நிலையிலும் அவன் சிரித்துவிட்டான்.
சாமியும் இல்லை, வழக்கமும் இல்லை.
தங்கச்சி ஸ்வெட்டர் பின்னி மீந்த நூலாம்.
ரயில் ஏறும்போது சும்மா கட்டிவிட்டாளாம்.

மன்னிப்புக் கேட்டேன்.
சாகராம் சொன்னது ஒரே சொல்.
அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு எல்லாம் கேட்டான்.
உயிர் தங்குமா. கூலி வருமா. ஏணி ஏறலாமா.
கடைசியாக,
வெட்டின காலை எங்கே வைப்பீங்க?

"புதைக்கணும்னு உங்களுக்கு முறை இருக்கா?"
மறுபடியும் அதே பணிவுக் குரல், என்னை அறியாமல்.
"ஊர்ல யாருக்கும் இப்படி ஆனதில்ல.
அதனால முறையும் இல்ல.
நீங்க என்ன செய்வீங்க?"

ராயபுரத்தில் பிறந்தவள் நான்.
கல்லறைத் தோட்டம் தெரியும், சுடுகாடு தெரியும்,
முப்பதாம் நாள் பூசைக்கு எத்தனை மெழுகுவத்தி என்று தெரியும்.
ஆள் உயிரோடிருக்க, கால் மட்டும் போனால்
என்ன செய்வதென்று எங்களிடமும் எதுவும் இல்லை.
அப்படியே சொன்னேன். மஞ்சள் பை, லாரி, எரியுலை, எல்லாவற்றையும்.

தலைமாட்டிலிருந்து சிவப்புக் கட்டம் போட்ட துண்டை எடுத்தான்.
இதில் சுற்றி வைக்க முடியுமா?
முடியும் என்றேன். சுற்றினேன்.

பழைய ரேகைக்குப் பக்கத்திலேயே
யாரும் பிடிக்காமல் கட்டைவிரல் வைத்தான்.
நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.
அதற்குள் அந்தக் காலில் எத்தனை அங்குலம் போனது என்று
டாக்டர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.