இரண்டாம் முறை

ஆவணி பிறந்து பன்னிரண்டாம் நாள்
பண்டாரமோட்டைக் குளம்
தன்னிடமிருந்ததை ஒவ்வொன்றாய் ஒப்புக்கொண்டது.
ஒரு சைக்கிள் விளிம்பு, இரண்டு ஷெல் கோது,
யாரோ ஒருத்தியின் ஒற்றைச் செருப்பு.
துருசடியில், வெடித்த சேற்றுக்குள் பாதி புதைந்து,
நீல நைலோன் சுற்றிய பிடி.

கையால் தொடவில்லை.
சீலைத் தலைப்பால் பிடித்து இழுத்தேன்.
காட்டுக்கத்தி. அலகைக் கறள் தின்றிருந்தது.
பிடி மட்டும் சாட்சிக்கூட்டில் நான் சொன்னபடியே:
ஐந்து சுற்று, முடிச்சு உள்பக்கம்.

"சரி, அந்தக் கத்தி எங்கே அம்மா?"
எதிரியின் சட்டத்தரணி அன்று கேட்டார்.
எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.
நான் சுவரைப் பார்த்தேன்.

தம்பி கிருபைராசா செத்தது அரை மணித்தியாலத் தண்ணிக்கு.
அது சிறுபோகம். முறை அவனுடையது.
வட்டவிதானையின் கொப்பியில் இன்னும் இருக்கிறது:
இரவு இரண்டிலிருந்து இரண்டரை.

நியாயமான ஐயம் உண்டு என்றது தீர்ப்பு.
சிவலோகன் கூட்டிலிருந்து இறங்கினான்.
இறங்கும்போது கால் இடறியது.
பிடிப்பதற்கு என் கை தானாக நீண்டது.
அந்தக் கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கத்தியைப் பேப்பரில் சுற்றி
யூரியாப் பைக்குள் வைத்து
முதல் பஸ்ஸில் வவுனியா போனேன்.
மிதுஷா என்ற சட்டத்தரணி, சின்னப் பெட்டை,
பையைத் திறக்கவேயில்லை.
"ஒரே குற்றத்துக்கு ஒராளை இரண்டு தரம் விளங்கேலாதம்மா.
அப்பீல் காலமும் எப்பவோ முடிஞ்சுது."
"அவன் சந்தியில நிண்டு
நான்தான் வெட்டினனான் எண்டு கத்தினாலும்?"
"கத்தினாலும்."
அவளுக்கு என்னில் இரக்கம் இருந்தது.
அது தேத்தண்ணியாக வந்தது, சீனி கூட.

அந்த வசனம் எனக்குப் புதிதல்ல.
அதே ஊரில், நீதிமன்றப் படலைக்கு வெளியே,
ஆறு வருஷ மறியல் முடிந்து
விடுதலை என்று எழுதிய தாளை
இரத்தினவடிவேல் மடிக்கக்கூட இல்லை,
ஜீப் வந்து நின்றது.
அதே வாக்குமூலம். அதே கையெழுத்து.
வழக்கிலக்கம் மட்டும் வேறு.
கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:
"ஒருக்கா விட்ட மனிசனைத் திரும்ப விளங்கக் கூடாது!
சட்டத்தில இருக்கு!"
யாரோ சொல்லித் தந்தது. சரியாய்ச் சொன்னேனோ தெரியாது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலையாட்டினார்,
வகுப்பில் நல்ல பதில் சொன்ன பிள்ளைக்கு ஆட்டுவதுபோல.

பிறகும் நான்கு வருஷம்.
திரும்பி வந்த அன்று
சாத்தியிருந்த எங்கள் வீட்டுக் கதவுக்கு முன்னால்
யாராவது திறக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.

பஸ்ஸில் பை என் மடியில் கிடந்தது.
நெடுங்கேணி வரும்வரை சட்டத்தைத் திட்டினேன்.
அதற்குப் பிறகு
யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.
பக்கத்து சீற்றுக்காரி
"மீனோ அக்கா?" என்று கேட்டாள்.
ஓம் என்றேன்.

குளத்தில் திரும்ப எறியவில்லை.
வேலியில் கட்டினேன்,
பிடி ஒழுங்கைப் பக்கம் பார்த்தபடி.
சிவலோகன் வயலுக்குப் போகும் ஒழுங்கை.
இது விளக்கமா? யாரும் கூட்டில் ஏறவில்லை,
யாரும் எதுவும் கேட்கவில்லை.
மூன்றாம் நாள் அவன் பார்த்தான்.
நாலாம் நாளிலிருந்து
ஒன்றரைக் கட்டை சுற்றி, குளக்கட்டால் போகிறான்.
ஊரில் ஒவ்வொருத்தராய் வந்து பார்த்தார்கள்.
எனக்கு அது பிடித்திருந்தது.
இல்லையென்று சொன்னால் பொய்.

புரட்டாதி முதல் மழைக்கு முந்தின இரவு
வேலியில் கம்பி முறுகும் சத்தம்.
லாம்போடு போனேன்.
இரத்தினவடிவேல்
நீல முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல்
கத்தியை அப்படியே கழற்றிக்கொண்டிருந்தார்.
"ஏன்?" என்றேன்.
நெடுநேரம் பேசவில்லை.
"நானும் அந்த ஒழுங்கையாலதானே போகோணும்," என்றார்.