நுழைவு: ஒன்று

சும்மா வந்து பார்த்துவிட்டுப் போக
எங்கள் அந்தோராவுக்கு விசா கிடையாது.
கொடுக்கவும் மாட்டோம், கேட்கவும் மாட்டோம்.
விமான நிலையம் இல்லை. ரயில் இல்லை.
கடல், கேட்கவே வேண்டாம்.
சாலை இரண்டு.
பிரான்சுக்கு ஏறுவது ஒன்று,
ஸ்பெயினுக்கு இறங்குவது ஒன்று.
இறங்கும் சாலையில்
பதினெட்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன்,
நாளைக்கு ஏழு நடை.

லா சேவு நிலையத்தில் அன்று காலை
படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக
நின்றுவிட்டாள் ஒருத்தி.
புதுப் பச்சைக் கோட்டு,
கைமடிப்பில் விலைச்சீட்டு ஆடியது.
"அங்கே பாஸ்போர்ட் பார்ப்பார்களா?"
பெரும்பாலும் பார்ப்பதில்லை அம்மா,
கையசைத்து விட்டுவிடுவார்கள்.
சிரித்தாள். அடுத்த காலைத் தூக்கியவள்
பாதியில் நிறுத்தினாள்.
"திரும்பும்போது?"

அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் வெகு குறைவு.
என்ஜினை அணைத்தேன்.
தாளைக் காட்டச் சொன்னேன்.
மரிக்ரிஸ், பிலிப்பைன்ஸ்,
தொண்ணூற்றிரண்டில் பிறந்தவள்.
நுழைவு என்ற கட்டத்தில்: ஒன்று.

அந்த ஒன்றை பார்சலோனாவில் இறங்கியபோதே
செலவழித்துவிட்டாள்.
பாலத்தைத் தாண்டிவிட்டால்
அவர்கள் கணக்கில் அவள் கிளம்பிப்போனவள்.
என் நாடு அவளைச் சேர்த்துக்கொள்ளும்.
அனுப்பிவைக்கத்தான் அதற்கு வழியில்லை,
இரண்டு சாலையும்
பிறத்தியார் முற்றத்தில்தான் போய் முடிகின்றன.

போய்வருகிறேன் என்ற சொல்லில்
போய் வரைக்கும்தான் அவளுக்கு அனுமதி.

வரிசையில் யாரோ செருமினார்கள்.
காலை எடுத்துக்கொண்டாள்.

அக்காள் ரொவீனா மேலே ஓட்டலில்
ஒன்பது வருடமாகப் படுக்கை விரிப்பு மாற்றுகிறாளாம்.
கீழே இறங்க அவளுக்கும் ஒரு விசா வேண்டும்.
தூதரகம் கொடுத்த தேதி மார்ச் பதினொன்று.
தங்கையின் விமானம் வியாழக்கிழமை.
இன்று திங்கள், மாதம் ஜனவரி.

மத்தியான நடையில் பார்த்தேன்.
ருனேர் ஓடைக்கு
ஸ்பெயின் கரையில் பச்சைக் கோட்டு,
எங்கள் கரையில் ஓட்டல் சீருடை.
ஓடையின் அகலம்
என் பேருந்தின் நீளம்கூட இருக்காது.
லாரி இரைச்சலுக்கு மேலே
இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.
சுங்க வரிசை நகரவில்லை,
கண்ணாடியை இறக்கினேன்.
அவர்கள் மொழி எனக்குத் தெரியாது.
அக்காள் இரண்டு விரலைக் கத்தரியாக்கி
தன் மணிக்கட்டருகே வெட்டிக் காட்டினாள்:
சீட்டை அறுத்துப் போடு.
மாட்டேன் என்று தலையசைத்தாள் தங்கை.
பையிலிருந்து கடை ரசீதை எடுத்து
உயர்த்திப் பிடித்தாள்.
அக்காள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
பிறகு அப்படியே
சகதியில் குந்திவிட்டாள்.

எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கிற்று.
சீட்டு அறுபடாமல், ரசீதும் இருந்தால்
முப்பது நாளுக்குள்
கடை திரும்ப எடுத்துக்கொள்ளும்.

சுங்க அதிகாரி ஏறினார்.
சிகரெட் முந்நூறு, சாராயம் ஒன்றரை லிட்டர்,
வெண்ணெய் ஒரு கிலோ,
அதற்குமேல் யாரிடமாவது?
மூன்றாம் இருக்கைக்காரர்
எதையோ தொப்பிக்குள் தள்ளினார்.
இருக்கைகளுக்கடியில் கைவிட்டுத் தடவிவிட்டு
என்னிடம் வந்து நின்றார் அதிகாரி.
வெளியே அப்படி என்ன பார்க்கிறாய், ரெமெய்?

நல்ல கோட்டு, என்றேன்.