சரிக்குச் சரி

லூயிஸ்பர்க் கோட்டையில் எனக்குக் கோடைகால வேலை.
சாம்பல் வெள்ளைக் கோட்டு, முழங்கால்வரை கம்பளிக் காலுறை,
தோளில் சுடாத துப்பாக்கி.
பிரெஞ்சு ராஜாவின் சிப்பாய்,
மணிக்குப் பதினேழு டாலர்.

எந்த ஊர் என்பார்கள் வருகிறவர்கள்.
ராயபுரம் என்றால் யாருக்குத் தெரியும்,
மெட்ராஸ் என்பேன்.
வேஷம் பொருந்தவில்லையே என்று சிரிப்பார்கள்.

பொருந்தும்.
ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தெட்டில்
சண்டையில் களைத்த ராஜாக்களுக்காக
யாரோ ஒரு மூன்றாம் ஊரில் மேஜை போட்டார்கள்.
நீ பிடித்த என் மெட்ராஸைக் கொடு,
நான் பிடித்த உன் லூயிஸ்பர்க்கை வைத்துக்கொள்.
இங்கே உப்பிட்ட காட் மீன்,
அங்கே நீலச்சாயத் துணி.
எந்தத் தராசில் நிறுத்தார்களோ,
முள் நடுவில் நின்றிருக்கிறது.

கருப்பர் பட்டணத்தில்
சாயத்தொட்டிக்குள் முழங்கைவரை விட்டு நின்றவனுக்கு
கொடி மாறியது
சுங்கக்காரன் வசவு வேறு பாஷையில் விழுந்தபோதுதான்
தெரிந்திருக்கும்.

ரொட்டிக்கூடத்து மாடலின் டெனியிடம் இதைச் சொன்னேன்.
மிக்மாக் பெண்.
மாவை அறைந்துகொண்டே கேட்டாள்:
"உன் ஊருக்காவது ஓர் ஊர் ஈடு வைத்தார்கள்.
இது யாருடையது என்று
அந்த மேஜையில் ஒருத்தனாவது கேட்டானா?"

பீரங்கிக்கு எண்ணெய் தடவப் போய்விட்டேன்.
மூடுபனி துறைமுகத்தை விழுங்கியிருந்தது,
உள்ளே எங்கோ ஒரு நண்டுப் படகின் ஊதல்.

சாயங்காலம் வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டார்.
நண்டு ஆலையில் ஆள்குறைப்பாம்.
சீனாக்காரன் வரி போட்டுவிட்டான்,
அமெரிக்காக்காரன் போடுவேன் என்கிறான்.
"நம்மை எதற்குப் பதிலாகத்
தள்ளிவிடப் போகிறார்களோ" என்றார்.

காலுறை நனைந்து கனத்தது.
எனக்கு ஒரு பழைய விலை தெரியும்.
சொல்லவில்லை.