சூர்மே

கடல் இங்கிருந்து அரைநாள் பயணம்.
ஆனாலும் காலை ஒன்பது மணிக்கு
ஜிஹான்பெய்லி தானியக் கொள்முதல் நிலைய வாசலில்
மீன் வாடை.

வரிசையில் பதினேழாவது லாரி.
துளைக்குழாயை இறக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.
அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும்.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
எடைமேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
சீட்டில் பெயர் சாத்தில்மிஷ்.
விற்கப்பட்டவன் என்று பொருள்.
பிள்ளை தங்கவேண்டுமென்று
எந்த ஞானியின் சமாதியிலோ நேர்ந்து
விற்றதாகப் பேர்பண்ணி
வீட்டுக்குத் தூக்கிவந்த பிள்ளை.

மூன்று இடத்தில் குத்தி எடுத்தேன்.
வெள்ளைத் தட்டில் கொட்டினால் எல்லாம் கோதுமைதான்.
கொஞ்சம் குட்டையாய், கொஞ்சம் உருண்டு, மங்கிப்போய்
அங்கங்கே சில.
ஒன்றை நகத்தால் நசுக்கினேன்.
மாவு இல்லை.
மை.

இந்த ஊர்ப் பேச்சில்
கண்ணுக்குத் தீட்டுவதற்கும் கதிருக்கு வருவதற்கும்
ஒரே பெயர், சூர்மே.
விடிந்ததிலிருந்து இரண்டையும்
இதே விரலால் தொட்டிருக்கிறேன்.

"விதை?"
"சொந்த விதை. போன வருஷத்தது."
"மருந்து கலந்தீர்களா?"
மருந்தின் விலையைச் சொன்னார்.
டீசல் விலையைச் சொன்னார்.
வாடகை அறுவடை இயந்திரம்
தன் வயலுக்கு முன்னால் யார் வயலில் ஓடியது என்பதைச்
சொல்லவந்து நிறுத்திக்கொண்டார்.
"மூன்று வருஷமாய் ஒன்றும் வரவில்லையே."

வராமல் இல்லை.
விதைத்தோலின் மடிப்பில்
தூசிக்குள் தூசியாய் இருந்தது.
விதை விழித்த அதே ஈரத்தில் விழித்து
முளையோடு உள்ளே நுழைந்து
பனி மூடிய மாதங்களெல்லாம்
பயிரின் உடம்பில் பயிராய்க் கிடந்து
பால் பிடிக்கவேண்டிய இடத்தில்
முந்திப்போய் உட்கார்ந்துகொண்டது.
ஜூன் மாதத்தில் அந்தக் கதிர்கள்
மற்றவை பழுத்தும் பச்சையாய் நின்றிருக்கும்.
பார்த்து மகிழ்ந்திருப்பார்.

"கோழித் தீவனத்துக்காவது?"
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.
அதிலும் இல்லை என்று எழுதினேன்.

வானத்தில் ஒரு மேகம் கிடையாது.
இருந்தும் தார்ப்பாயை இழுத்து
நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டினார்,
ஒரு மணிகூட நனையக்கூடாது என்பதுபோல.
பிறகு வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.
வரிசையில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

பதினெட்டாவது லாரியில் வானொலி பாடிக்கொண்டிருந்தது.
"கொஞ்சம் பொறுங்கள்" என்றேன்.
துளைக்குழாயைத் துடைத்தேன்.
முகர்ந்து பார்த்துவிட்டு
இன்னொருமுறை துடைத்தேன்.